ஏழாவது ஆள்

என் அண்ணனைக் கொன்றது கரவெட்டிப் பெண் ஒருத்தியின் சாதகம் என்று எங்கள் ஊரில் சொன்னார்கள். முதலில் சொன்னவர் என் அம்மா. அண்ணனுக்குப் பேசி முற்றாக்கியிருந்த பெண் அவள். அவளுடைய சாதகத்தில் செவ்வாய் கூடாத இடத்தில் நிற்கிறது, தாலி ஏற முன்னமே அது மாப்பிள்ளையைத் தின்றுவிட்டது என்று செத்தவீட்டில் அம்மா நெஞ்சில் அடித்துக் குழறினார். வந்திருந்த சனம் தலையாட்டியது. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது என்பார்கள். எனக்கு அந்த வாய்கள் ஒவ்வொன்றிலும் மண்ணை அள்ளி அடைக்க வேண்டும் போல இருந்தது. ஏனென்றால் அண்ணனைக் கொன்ற முறை எது என்று எனக்குத் தெரியும். அதற்கு ஒரு பெயர் உண்டு. பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் பாடத்தில் அதைப் படித்து, சோதனையில் எழுதி, நல்ல புள்ளியும் எடுத்திருந்தேன்.

முறைமை மாதிரியெடுப்பு என்பது அதன் பெயர். பெரிய கூட்டமொன்றிலிருந்து சிலரை மட்டும் தெரிவு செய்ய வேண்டுமென்றால், எல்லோரையும் ஒரு வரிசையில் விட வேண்டும். தொடங்கும் இடத்தை எழுமாறாக எடுக்க வேண்டும், அதாவது எவருடைய விருப்பும் வெறுப்பும் அதில் கலக்கக்கூடாது. பிறகு அங்கிருந்து ஒவ்வொரு ஐந்தாவது ஆள், அல்லது ஒவ்வொரு பத்தாவது ஆள் என்று எண்ணிக்கொண்டே போக வேண்டும். செலவு குறைவு, நேரம் குறைவு, பெரிய படிப்புத் தேவையில்லை, எவரும் செய்யலாம் என்று இதன் நன்மைகளை நான் விடைத்தாளில் வரிசையாக எழுதியிருக்கிறேன். எவரும் செய்யலாம் என்பது எவ்வளவு உண்மை என்று எங்கள் ஊர்த் தோட்டத் தரையில் கண்டுகொண்டேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் ஊர் புத்தூருக்குப் பக்கத்தில், பருத்தித்துறை வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒழுங்கைகளில் இருந்தது. பல்கலைக்கழகம் மூடிக் கிடந்ததால் நான் வீட்டில் இருந்தேன். அண்ணன் என்னைவிட மூத்தவன், தோட்டம் செய்கிறவன், எங்கள் வீட்டில் வெங்காயமும் புகையிலையும் அவன் கையில்தான் விளைந்தன. அன்று விடிந்து கொஞ்ச நேரத்தில் வீதிப் பக்கம் பெரிய சத்தம் ஒன்று கேட்டது. வீட்டு ஓடுகள் குலுங்கிச் சரிந்தன. ஆமியின் ட்ரக் ஒன்றைக் கண்ணிவெடி தூக்கி எறிந்துவிட்டது என்று ஓடி வந்தவர்கள் சொன்னார்கள். அதற்குப் பிறகு ஓட நேரமிருக்கவில்லை. சப்பாத்துச் சத்தம் எல்லா ஒழுங்கையாலும் வந்தது. வேலிகளைப் பிய்த்துக்கொண்டு வந்தார்கள். எதிர்வீட்டு நாய் குரைத்தது, அதைச் சுட்டார்கள். பிறகு வைக்கோல் போருக்கு நெருப்பு வைத்தார்கள். ஆம்பிளைகள் எல்லோரையும் துவக்குப் பிடியால் இடித்து இடித்து, வெங்காயம் கிண்டி முடிந்த ஒரு தோட்டத் தரைக்குச் சாய்த்துக்கொண்டு போனார்கள்.

அங்கே எங்களை நீட்டு வரிசையாக நிலத்தில் இருத்தினார்கள். செம்மண் காலையிலேயே சுட்டது. அண்ணன் இருந்த இடத்துக்கு மட்டும் தரையோரத்துப் பூவரசின் நிழல் வந்து விழுந்தது. நான் அவனுக்கு அடுத்ததாக, பின்னால் இருந்தேன். என் முழங்கால் அவன் முதுகில் முட்டிக்கொண்டிருந்தது. வரிசைக்குப் பின்னால் துவக்குகளோடு நின்றவர்கள், அசைகிறவனின் முதுகில் உதைத்தார்கள். என் வகுப்பில் படித்த ஒருவன் இருமினதற்கு உதை வாங்கினான்.

அந்த நேரம்தான் அவரைக் கொண்டு வந்தார்கள். அண்ணனுக்கு மாமாவாக வர இருந்தவர், அந்தப் பெண்ணின் தகப்பன். கலியாணத்துக்கு நாள் வைக்க, கரவெட்டியிலிருந்து விடியவே சைக்கிளில் வெளிக்கிட்டு வந்திருக்கிறார். வீதியில் பிடித்து விட்டார்கள். வெள்ளை வேட்டி முழுக்கச் செம்மண். நெற்றியில் திருநீற்றுக்குக் குறுக்கே இரத்தம் வடிந்திருந்தது. சைக்கிளில் கட்டியிருந்த வாழைக்குலை அவருக்குப் பின்னால் வந்த ஆமிக்காரன் ஒருவனின் தோளில் இருந்தது. அவரைப் பிடித்துக் கொண்டு வந்தவன் வரிசையின் வாலைக் காட்டி அங்கே போய் இரு என்று அவரைத் தள்ளினான்.

அவர் எங்களைக் கடந்து போகையில் அண்ணன் எழும்பிவிட்டான்.

உலகத்தில் வேறு எந்தச் சாதி சனமும் இதைச் செய்திருக்காது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். முன்னும் பின்னும் துவக்குகள். எழும்பினால் சுடுவார்கள். ஆனால் வந்தவர் விருந்தாளி, பெண் தரப் போகிறவர். அவரைக் கடைக்கோடியில் வெயிலில் இருத்திவிட்டு மருமகன் நிழலில் இருக்கலாமா? கலியாணப் பந்தியில் இலை போட்டுவிட்டு நிற்கிறவனைப் போல அண்ணன் தோளைக் குறுக்கிக்கொண்டு சொன்னான்.

"மாமா, இதிலை இருங்கோ. நிழல்."

"சீச்சீ, வேண்டாம் தம்பி. நீர் இரும். நான் உங்காலை போறன்."

"இல்லை மாமா, இருங்கோ."

"வேண்டாம் எண்டுறன்..."

உபசாரம் நடந்துகொண்டிருந்தது! மறுக்க வேண்டும், திரும்ப வற்புறுத்த வேண்டும், அதன்பிறகுதான் இருக்க வேண்டும், அதுதானே எங்கள் மரியாதை. கொண்டு வந்தவனுக்குப் பொறுமை போய்விட்டது. அவருடைய தோளில் துவக்கால் அடித்து அந்த இடத்திலேயே விழுத்தினான். அண்ணன் ஒரு இடம் பின்னால் தள்ளி வெயிலில் இருந்தான். நானும் ஒரு இடம் தள்ளினேன். எனக்குப் பின்னால் இருந்தவர்கள் எல்லோரும் குண்டி தேய ஒவ்வொரு இடம் நகர்ந்தார்கள்.

கொஞ்சத்தில் அவர்களின் அதிகாரி வந்தான். அவனுடைய சட்டையில் வேறு யாருடையதோ இரத்தம் காய்ந்திருந்தது. கண்கள் சிவந்து வீங்கியிருந்தன, அழுதிருந்தான் போலிருந்தது. வழக்கமாக முகமூடி போட்ட தலையாட்டி ஒருவனை ஜீப்பில் கொண்டு வந்து வைத்து, அவன் தலையாட்டுகிற ஆட்களைப் பிடிப்பார்கள். அன்று தலையாட்டி இல்லை. அதிகாரி வரிசையின் தலைப்பக்கத்தில் நின்று சிகரெட்டை இழுத்து முடித்தான். கட்டையைச் சுண்டி எறிந்தான். அது விழுந்த இடத்தில் இருந்தவனைப் பிரம்பால் தொட்டான். இரண்டு பேர் அவனை இழுத்துக்கொண்டு போனார்கள். பிறகு அதிகாரி எண்ணத் தொடங்கினான். ஒவ்வொருவரின் தலைக்கும் மேலால் பிரம்பு போயிற்று. "ஹத" என்று சொல்லி ஒருவனைத் தொட்டான். அவனையும் இழுத்தார்கள். திரும்ப எண்ணினான். திரும்பவும் "ஹத". சிங்களத்தில் அது ஏழு.

தொடக்கம் எழுமாறு, இடைவெளி ஏழு. பாடநூலில் உள்ளபடியே செய்கிறான். நாங்கள் குற்றம் செய்தோமா இல்லையா என்பது அவனுக்குத் தேவைப்படவில்லை. நான் எங்கள் பக்கமாக முன்கூட்டி எண்ணினேன். மாமா ஆறு. அண்ணன் ஏழு. திரும்ப எண்ணினேன். அண்ணன் ஏழு.

அண்ணன் இடுப்பில் கட்டியிருந்த சறத்தைப் பிடித்து இழுத்தேன். "அண்ணை, பின்னுக்கு வா, நான் முன்னுக்கு..." என்று தொடங்கினது மட்டும் நினைவிருக்கிறது. பின்னால் நின்றவனின் துவக்குப் பிடி என் வாயில் விழுந்தது. முன்பற்கள் தொண்டைக்குள் போயின. துப்பிக்கொண்டு நிமிர்ந்தபோது பிரம்பு அண்ணனின் தோளில் இருந்தது.

அண்ணன் எழும்பினான். சறத்தில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினான். போகிறேன் என்று எங்களில் எவரும் சொல்வதில்லை. "மாமா, வாறன்" என்றான். என்னைத் திரும்பிப் பார்த்தான். என் வாயிலிருந்து வடிந்த இரத்தத்தைப் பார்த்துத்தான் அவன் முகம் மாறினது. இழுத்துக்கொண்டு போனார்கள்.

தண்ணீர் இறைக்கிற மெசின் கொட்டிலுக்குப் பின்னால் வைத்து எல்லோரையும் சுட்டார்கள். வரிசையின் வால்வரைக்கும் எண்ணி முடித்த பிறகுதான் சுட்டார்கள். கொட்டிலின் தகரத்தில் சன்னங்கள் பட்ட சத்தம் வேறாகக் கேட்டது. சனத்தில் ஒருவரும் அழவில்லை, அழ விடவில்லை. மாமா என் முன்னால் ஒரு இடம் தள்ளி, பூவரசு நிழல் விழுந்திருந்த அந்த இடத்தில், இரண்டு கைகளாலும் தரையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். நிழல் அந்த நேரம் அவரை விட்டுப் போய்விட்டிருந்தது.

செத்தவீடு முடிந்து கொஞ்ச நாளில் அம்மாவுக்குச் சொல்லிப் பார்த்தேன். வாய் இன்னும் வீங்கியிருந்ததால் கதை சரியாக வரவில்லை.

"அம்மா, சாதகம் ஒண்டுமில்லை. ஒவ்வொரு ஏழாவது ஆளையும் பிடிச்சவங்கள். அவ்வளவுதான்."

அம்மா அடுப்படியில் இருந்து என்னை நிமிர்ந்து பார்த்தார். "அந்தளவு சனத்துக்கை ஏன் மோனை அந்த ஏழு என்ரை பிள்ளையிலை விழுந்தது? அதைச் சொல்லு. அதுதானே சாதகம்."

அந்தக் கேள்விக்கு எந்தப் பேராசிரியரும் பதில் சொல்லித் தரவில்லை. எனக்குப் பதில் தெரிந்திருந்தது, சொல்லத்தான் முடியவில்லை. இடையில் ஒருவர் வந்து புகுந்ததால் விழுந்தது என்று சொன்னால், அம்மா அன்றைக்கே கரவெட்டிக்குப் போய் அந்த மனுசனின் படலையில் நின்று மண் அள்ளித் தூற்றியிருப்பார். அதுகூடப் பரவாயில்லை. அவர் வந்திராவிட்டால் அண்ணன் ஆறு. ஏழு நான். அதை அம்மா எண்ணிப் பார்க்க வேண்டுமே. ஒரு பிள்ளை உயிரோடிருப்பதற்கும் மற்றப் பிள்ளை செத்ததற்கும் காரணம் ஒன்றுதான் என்று எந்த முகத்தோடு ஒரு தாயிடம் சொல்வது?

ஆத்திரம் எங்காவது போக வேண்டும். சாதகப் பொருத்தம் பார்த்த சாத்திரியாரிடம் போனேன். பனையால் விழுந்தவனை மாடேறி மிதித்தது போல அந்தப் பெண்ணை மிதித்ததில் அந்தாளுக்குப் பெரிய பங்கு. பத்துப் பொருத்தத்தில் எட்டு நல்லது என்று சொன்ன அதே வாய், இப்போது செவ்வாயைப் பற்றித் தான் அன்றே சாடையாகச் சொன்னதாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

"பிடிச்ச எல்லாரின்ரை சாதகத்தையும் எடுங்கோ. தப்பினவையின்ரையையும் எடுங்கோ," என்றேன். "ரெண்டையும் பக்கத்திலை பக்கத்திலை வைச்சுப் பார்ப்பம். செத்தவைக்கு மட்டும் செவ்வாய் பிழையெண்டால் நான் உங்கடை காலிலை விழுறன்."

"அவையின்ரையைப் பார்த்து வேலையில்லைத் தம்பி. அவையின்ரை மனிசிமாரின்ரையைப் பார்க்க வேணும்."

"கலியாணம் கட்டாத பொடியளும் செத்தவங்கள்."

"அப்பிடியெண்டால் அவங்களைக் கட்ட இருந்த பெட்டையளின்ரையை."

எந்தப் பக்கத்தாலும் தோற்காத ஒரு கணிதம் இருக்கிறதென்றால் அதுதான். நான் அந்தாளின் கழுத்துச் சால்வையைப் பிடித்து முறுக்கிவிட்டேன். கண்கள் பிதுங்கும் வரைக்கும் விடவில்லை. அயலவர்கள் வந்து பிரித்தார்கள். அப்போது நான் குளறிய குளறலில், ஏழாவது ஆள், ஏழாவது ஆள் என்ற கதை புத்தூர் தாண்டி, வல்லைவெளி தாண்டி, கரவெட்டி வரைக்கும் போயிற்று. போனதால் ஒன்றும் மாறவில்லை. அந்தப் பெண்ணை மாப்பிள்ளை வீட்டார் ஒருவரும் கேட்டு வரவில்லை.

அடுத்த வருடம் நான் நெல்லியடியில் ஒரு ரியூட்டரியில் உயர்தர வகுப்புக்குப் படிப்பித்தேன். கிடுகுக் கூரை, அரைச்சுவர், பின்வளவில் பதுங்குவதற்குப் பனங்குற்றி அடுக்கி மண்மூடை போட்ட பங்கர். முதல்நாள் வகுப்பில் பின் வாங்கில் அவள் இருந்தாள். கலியாணத்துக்காக நிறுத்தின படிப்பைத் திரும்பத் தொடங்கியிருந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை. அவளை நான் அதற்கு முன் ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன், பெண் பார்க்கப் போனபோது. இரண்டு பேரும் தெரியாதவர்கள் போல இருந்தோம்.

தரவு வகைகள் படிப்பித்த அன்று, உதாரணங்களைப் பிள்ளைகளிடமே கேட்டேன். எண்ணிச் சொல்வது பின்னகத் தரவு, அளந்து சொல்வது தொடர் தரவு என்று விளக்கியதும், "விழுந்த ஷெல்லுகள் எண்ணுறது, சேர். ஷெல் துண்டின்ரை பாரம் அளக்கிறது," என்றான் ஒருவன். பெயரால் மட்டும் பிரிப்பதற்கு உதாரணம் கேட்டேன். "ஹெலி, பொம்மர்" என்று வானத்தால் வந்து அடிக்கிறவற்றைச் சொன்னார்கள். பெரிது சிறிது என்று வரிசைப்படுத்தலாம், ஆனால் இடைவெளியை அளக்க முடியாது, அப்படியொன்று சொல்லுங்கள் என்றேன். முன் வாங்கில் இருந்த பிள்ளை ஒருத்தி யோசிக்காமல் சொன்னாள். "தூரத்திலை விழுந்தது, கிட்ட விழுந்தது, எங்கடை வீட்டிலை விழுந்தது." வகுப்புச் சிரித்தது. நானும் சிரித்தேன். இதைவிடத் திறமான உதாரணத்தை எந்தப் பாடநூலிலும் நான் காணவில்லை.

மாதிரியெடுப்புக்கு வந்தபோது மேசையில் புளியங்கொட்டைகளை வரிசையாக அடுக்கினேன். எழுமாறு என்றால் கண்டபடி என்று எழுதுகிறவனின் காதைப் பிடுங்குவேன் என்று வழக்கம்போல வெருட்டினேன். இடைவெளி ஐந்து என்று வைத்து எண்ணி, கொட்டைகளைத் தள்ளிக் காட்டினேன். ஏழு என்று வைக்க எனக்குத் துணிவு வரவில்லை. பின் வாங்கிலிருந்து அவளுடைய கை உயர்ந்தது.

"இடையிலை ஒண்டு வந்து புகுந்தால், சேர்?"

"வரிசை போட்ட பிறகு இடையிலை ஒண்டும் புகக்கூடாது."

"புகுந்தால்?"

நான் வெண்கட்டியைக் கீழே வைத்தேன். "அதுக்குப் பின்னாலை இருக்கிறதெல்லாம் ஒரு இடம் தள்ளும்."

"அப்ப பிடிபட இருந்தது தப்பும். தப்ப இருந்தது பிடிபடும்."

"ஓம்."

மேற்கொண்டு அவள் கேட்பதற்குள் ஹெலிச் சத்தம் வந்தது. பிள்ளைகள் வாங்குகளை உதைத்துக்கொண்டு பங்கருக்கு ஓடினார்கள். சந்தைப் பக்கமாக அது பதிந்து வந்து சுட்டது. சன்னங்கள் கூரைக் கிடுகைக் கிழித்துக்கொண்டு போயின. மேசையில் இருந்த புளியங்கொட்டைகள் சிதறின. வெளியே கட்டியிருந்த யாரோ ஒருவருடைய மாட்டின் வயிற்றைக் குண்டு பிளந்துவிட, அது குடல் தொங்க வளவுக்குள் ஓடி வந்து எங்கள் சைக்கிள்களுக்கு மேல் விழுந்து கதறியது. பங்கர் நிறைந்துவிட்டது. நானும் அவளும் வாசல் படியில், மண்மூடைகளோடு ஒட்டிக்கொண்டு குந்தியிருந்தோம். உள்ளே பிள்ளைகள் தேவாரம் சொன்னார்கள்.

அவள் என்னைப் பார்க்காமல் மாட்டைப் பார்த்துக்கொண்டு கதைத்தாள்.

"அப்பா பிந்திப் போனவர். விடியத்தானே வெளிக்கிட்டவர். வரிசை போட்ட பிறகுதான் அங்கை போயிருப்பார்."

நான் மண்மூடையிலிருந்து கொட்டிய மண்ணைத் தட்டிவிட்டேன்.

"எங்கை இருத்தினவங்கள்?"

"அண்ணைக்கு முன்னாலை."

"இருத்தினவங்களோ, உங்கடை அண்ணை இருத்தினவரோ?"

"அண்ணை எழும்பி இடம் விட்டவன். நிழலெண்டு."

அவள் விரல்களை மடித்து எண்ணவில்லை. எண்ணி முடித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். "அப்பா வந்திராட்டி ஏழாவது நீங்கள்."

"ஓம்."

"உங்கடை அம்மாவுக்குத் தெரியுமோ?"

"தெரியாது." எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. "நான் சொல்லப் போறன். இண்டைக்கே சொல்லுறன். ஊருக்கும் சொல்லுறன். உம்மடை பேரிலை இந்தப் பழி கிடக்கக்கூடாது. சாத்திரமும் மசிரும்..."

"சொல்லாதையுங்கோ, சேர்." ஹெலி திரும்பவும் தலைக்கு மேலால் போனது. அவள் தலை குனிந்து, அது போகும் வரைக்கும் பொறுத்திருந்து, பிறகு சொன்னாள். "என்ரை செவ்வாய்தான் செய்தது எண்டு அப்பா நம்புறார். அதாலைதான் சாப்பிடுறார், நித்திரை கொள்ளுறார். அவருக்கு என்ரை சாதகம் ஒரு பங்கர். அதுக்குள்ளை அவர் இருக்கட்டும்."

"நீர்?"

"நான் வெளியிலை நிக்கிறன். எனக்குப் பழகிப்போச்சு." முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். "நீங்களும் அதுக்குள்ளைதானே இருக்கிறியள், சேர். உங்கடை அம்மாவும்தான்."

அந்தச் சொல் துவக்குப் பிடியைவிட மோசமாக வாயில் விழுந்தது. மாடு கதறுவதை நிறுத்தியிருந்தது.

அவள் கேட்டபடியே நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. அதன் பிறகு வடமராட்சிச் சண்டை வந்து அவர்கள் வீடு தரைமட்டமானது. இந்திய ஆமியும் வந்து போனது. திரும்பவும் பொம்மர்கள் வந்தன. அவள் படித்து முடித்து யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணித ரீச்சர் ஆனாள். தகப்பனையும் கூட்டிவந்து பக்கத்தில் வைத்திருந்தாள். தனியாகத்தான் இருந்தாள். என் அம்மா எங்காவது அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, காறித் துப்பாத குறையாக நடப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பல்லைக் கடிப்பேன், இருக்கிற பல்லை.

தகப்பனை ஒருமுறை மண்ணெண்ணெய்க் கியூவில் கண்டேன். சங்கக்கடையிலிருந்து வீதி வரைக்கும் நீண்ட கியூ. வாலில் நின்றார். ஒரு பொடியன் வயதான மனுசன் என்று இரங்கி, "ஐயா, எனக்கு முன்னாலை நில்லுங்கோ" என்றான். மனுசன் கையிலிருந்த வெற்றுக் கலனால் அவனை அடிக்க ஓங்கிவிட்டார். "எனக்கு இடம் விடச் சொல்லி உன்னைக் கேட்டனானோடா?" என்று கத்தினார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது. பிறகு தனக்குப் பின்னால் வந்து சேர்ந்தவர்களையும் ஒவ்வொருவராக முன்னே விட்டார். சாமான் முடிந்து கடை பூட்டும்வரை அவருடைய முறை வரவில்லை. கிழவனுக்கு விசர் என்று நினைத்துக்கொண்டு நான் போய்விட்டேன்.

தொண்ணூற்றைந்தில், ஆமி வருகிறதென்று வலிகாமம் முழுவதும் ஊரை விட்டு ஒன்றாக வெளிக்கிட்ட அந்த மழை நாளை எல்லோருக்கும் தெரியும். சனம் இரவிரவாக நாவற்குழிப் பாலத்தால் நெரிந்து நெரிந்து கடந்தது. மறுநாள் வெளிச்சத்தில் பார்த்தால், சாவகச்சேரி வீதியில் அசைய இடமில்லை. விழுந்தவர்களை மிதித்துக்கொண்டு போனார்கள். தாயை வீதியோரம் வைத்துவிட்டுப் பிள்ளைக்குத் தண்ணீர் தேடிப் போனவன் திரும்பி வரும்போது தாய் செத்திருந்தாள், அவன் அவளுடைய உடலைத் தண்ணீர்ப் போத்தலால் அடித்துக்கொண்டு அழுதான். பின்னால் ஷெல் விழுந்து வெடிக்கும் சத்தம் நிற்கவே இல்லை. ஒவ்வொரு சத்தத்துக்கும் கூட்டம் முன்னால் பாய்ந்தது, பாய்ந்ததில் சிலர் விழுந்தார்கள்.

அயலவர் ஒருவரின் ட்ரக்டர்ப் பெட்டியில் அம்மாவை ஏற்றியிருந்தேன். நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். கைதடி தாண்டி எங்கோ ட்ரக்டர் நின்றுபோனபோது, பக்கத்தில் மூட்டை கட்டிய சைக்கிளை உருட்டிக்கொண்டு அவளும் தகப்பனும் நிற்பதைக் கண்டேன். மனுசனின் கால்கள் வீங்கிப் பாளம் பாளமாக வெடித்திருந்தன. ஒரு காலில் செருப்பு இல்லை. அம்மாவும் கண்டார். பத்து வருடமாகத் திருப்பிய முகத்தை அன்று திருப்பவில்லை. அந்தக் கால்களைப் பார்த்தபடி இருந்தார். பிறகு தன் மூட்டையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, ஒருவர் இருக்க இடம் தள்ளிக் கொடுத்தார்.

"அண்ணை, இதிலை ஏறுங்கோ."

"வேண்டாம் தங்கச்சி."

"ஏறுங்கோ. நடக்க மாட்டியள்."

"வேண்டாம்." மனுசன் மழைத் தண்ணீர் வடிகிற முகத்தை நிமிர்த்தினார். "அண்டைக்கு உங்கடை மகன் எனக்கு இடம் விட்டவர். நான் வேண்டாம், வேண்டாம் எண்டுதான் இருந்தனான். கடைசியாய் இருந்திட்டன். நான் இருக்காட்டி அவர் ஆறு, தங்கச்சி. அவருக்கு ஒண்டும் நடந்திராது. அண்டைக்கே நான் எண்ணிப் பார்த்திட்டன். அதுக்குப் பிறகு நான் ஒருத்தரிட்டையும் இடம் வாங்கிறேல்லை."

அவள் சைக்கிளைப் பிடித்தபடி தகப்பனையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு காலமும் வெளியே நின்று அவள் காவல் காத்த பங்கருக்குள் ஒருவரும் இருக்கவில்லை. அப்பாவுக்குத் தெரியக்கூடாது என்று மகள் சுமந்தாள். மகள் சுமக்கிறாள் என்று தெரியாமல், செவ்வாயை நம்புகிறவர் போலத் தகப்பன் நடித்தார், மகளாவது தன்னை வெறுக்காமல் இருக்கட்டும் என்று. எனக்கு இரண்டு பேரையும் பிடித்து உலுக்க வேண்டும் போலவும், அந்தச் சேற்றில் அவர்கள் காலடியில் விழுந்து அழ வேண்டும் போலவும் இருந்தது.

அம்மாவின் உதடுகள் அசைந்தன. அம்மாவுக்குக் கணக்குத் தெரியாது என்று நான் எப்போதும் நினைத்திருந்தேன்.

"அண்டைக்கு அவனுக்குப் பின்னாலை ஆர் இருந்தது?" என்று கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள்.

"நான்தான் அம்மா."

அம்மா என் வாயைப் பார்த்தார், பற்கள் இல்லாத இடத்தை. கையை நீட்டி என் உதட்டைத் தொட்டார். அந்த ஏழு எப்படியும் அவருடைய ஒரு பிள்ளையில்தான் விழ இருந்தது. பத்து வருடமாக என்னைக் கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான். பின்னால் மிகக் கிட்டவாக ஒரு ஷெல் விழுந்தது. கூட்டம் அலறிக்கொண்டு முன்னால் தள்ளியது. ட்ரக்டர் உறுமி அசைந்தது.

"நீ ஏறு பிள்ளை," என்றார் அம்மா அவளிடம். "கெதியிலை ஏறு."

சைக்கிளை நான் வாங்கினேன். அவள் ஏறி, அம்மா தள்ளிக் கொடுத்த இடத்தில் இருந்தாள். அம்மா தன் நனைந்த சேலைத் தலைப்பால் அவளுடைய தலையை மூடினார். இரண்டு பேரும் பின்பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே, ஷெல் விழுந்துகொண்டிருந்த பக்கத்தில், வருகிறவர்களை எல்லாம் கையைக் காட்டி முன்னுக்கு விட்டபடி, அவர் கடைசியாக வந்துகொண்டிருந்தார்.